பெட்டியும் அட்டையும்
(நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் வருஷாந்தரப் பொதுக் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற முறை கணக்குத் தணிக்கைக்காக நான் இவ்வூருக்கு வந்திருந்தபொழுது, அங்கத்தினர் சிலர் என்னை அணுகி, "சங்கத்தின் மூலமாக ஜக்கார்டுப் பெட்டி வாங்கித் தர இயலுமா?" என்று வினவினர். அன்று நான் திட்டமான விடை கூறவில்லை. பணம் கிடைக்குமா என்பது மாத்திரமே கேள்வியாயின் அதற்கு விடை எளிது. ஆனால், பெட்டி வந்தபின் அது யாருக்காக உழைக்கும் என்பதையும் உடன் யோசிக்க வேண்டியிருந்தது. ஆகவே இன்று, பொதுச்சபையார் அனைவரும் கூடியுள்ள இவ்வேளையில், அவ்விஷயத்தை விரிவாகச் சொல்ல அனுமதி கோருகிறேன்.

நான் நெசவுப் பரீட்சை எதிலும் தேறியவனல்லன். மெட்ரிகுலேஷன் வரை படித்துவிட்டுக் கணக்குப் பார்க்கும் உத்தியோகத்திற்கு வந்தவன். ஆயினும், சிறு வயதில் ஒரு வருஷ காலம் காஞ்சீபுரத்தில் என் தாய்மாமன் தறியருகே உட்கார்ந்து அடை இழுத்தவன். அந்த அனுபவத்தைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

முதலில், நீங்கள் நன்கறிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். நாடா ஓட வேண்டுமாயின் பாவு இழைகள் இரு கூறாகப் பிரிந்து வாய் திறக்க வேண்டும். அவ்வாறு பிரிப்பது விழுதின் வேலை. சாதாரண நெசவில் ஒரு மிதியை அழுத்தினால் ஒரு விழுது தாழும். கப்பியின் வழியாக அதனோடு கட்டுண்ட மற்ற விழுது எழும். ஒற்றைப்படை இழைகள் ஒன்றிலும், இரட்டைப்படை இழைகள் மற்றொன்றிலும் கோக்கப்பட்டிருப்பதால், இரண்டு காலும் மாறி மாறி மிதிக்கத் துணி வளர்ந்துகொண்டே போகும்.

சங்கத்துத் தறிகளில் நான் கண்ட குறைகள் சிலவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவற்றைத் திருத்தப் பெட்டியும் வேண்டாம், கடனும் வேண்டாம். கப்பி சுழலாமல் நின்று, கயிறு அதன்மேல் தேய்ந்துகொண்டு போகும் தறிகள் பல உள்ளன. அங்கே காலின் பலத்தில் ஒரு பங்கு வீணாகிறது. நூற்கயிறு காற்றின் ஈரத்திற்கேற்ப நீளம் மாறும் தன்மையது. மழை நாளிலும் வெயில் நாளிலும் விழுது ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்துக் கட்டு மாற்றுதல் வேண்டும். மூன்று நான்கு விழுதுகள் உள்ள தறியில், நெய்வோரை விட்டுப் பின்னே தள்ளி நிற்கும் விழுது, முன் விழுதைக் காட்டிலும் சற்று அதிகமாக எழுந்து தாழ வேண்டும். இல்லாவிடில் வாய் சமமாகத் திறவாது. வாய் சமமாகத் திறவாத தறியில் நாடா இழையின்மேல் உரசும், இழை அறும், அறுந்த இழையைப் பிணைப்பதில் பகற்பொழுது போகும்.

இனி, கரையிலும் முந்தானையிலும் பூவும் மாங்காயும் யாளியும் வரவேண்டுமாயின் இரண்டு விழுது போதாது. பூவின் ஒவ்வொரு வரிக்கும் வெவ்வேறு இழைகள் எழ வேண்டும். விழுதுகளைப் பெருக்கிக்கொண்டே போனால் மிதிகளும் பெருகும். மனிதனுக்கு உள்ள கால்களோ இரண்டே. இச்சங்கடத்தைத் தீர்க்கப் பற்பல தேசத்து நெசவாளரும் கண்ட பழைய வழி, நெய்பவர் ஒருவரும், இழைகளைத் தூக்குபவர் ஒருவருமாக வேலையைப் பிரித்துக்கொள்வதேயாகும். நம் நாட்டில் அம்முறைக்கு அடை என்று பெயர். எந்த வரிக்கு எந்த இழைகள் எழவேண்டுமோ அவற்றைச் சேர்த்து நூலால் முன்கூட்டியே கட்டி வைத்திருப்பார்கள். துணையாள் அக்கட்டுக்களை வரிசை தவறாமல் ஒவ்வொன்றாக இழுத்துப் பிடிக்க, நெய்பவர் நாடாவை ஓட்டுவார்.

அத்துணையாள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தான். அவ்வாறு உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். என் தகப்பனார் காலமான வருஷம், நான் பள்ளிக்கூடத்தை விட்டு மாமன் வீட்டிற்குப் போனேன். காலையில் விளக்கு அணையுமுன் தறியருகே உட்காருவேன். கை வலிப்பது பழகிப் போயிற்று. ஆனால் கவனம் சிதறாமல் இருப்பது பழகவேயில்லை. ஒரு நாள் தெருவில் பள்ளிப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு போவதைக் கேட்டு ஒரு கட்டை விட்டு அடுத்ததை இழுத்துவிட்டேன். நாலு விரற்கடை நெய்தபின்பே மாமன் அதைக் கண்டார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஊடையை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். அன்றைய கூலி அத்துடன் போயிற்று. அடுத்த வருஷம் என் தாயார் வந்து அழைத்துப் போய் மீண்டும் பள்ளியில் சேர்த்தார். நான் திரும்பிப் போக முடிந்தது. என்னுடன் அடுத்த வீட்டுத் தறியில் இழுத்தவன் திரும்பிப் போகவில்லை.

பிள்ளையின் கையிலிருந்து இவ்வேலையை யந்திரத்திற்கு மாற்ற முயன்ற சரித்திரம் பிரெஞ்சு தேசத்தில் லியோன் நகரத்துப் பட்டுத் தறிகளில் நிகழ்ந்தது. அங்கும் தறியருகே நின்று கயிறு இழுத்தவர்கள் சிறுவர் சிறுமியரே. 1725-ம் வருஷத்தில் பசீல் பூஷோன் என்பவர், துளையிட்ட நீண்ட காகிதச் சுருளைக் கொண்டு, எந்தக் கயிற்றை இழுக்க வேண்டுமென்பதைத் தெரிந்தெடுக்கும் முறையைக் கண்டார். 1728-ல் பால்கோன் என்பவர் சுருளுக்குப் பதிலாகத் தனித்தனி அட்டைகளைத் தொடுத்துப் பயன்படுத்தினார். ஓர் அட்டை கிழிந்தால் அதை மாத்திரம் மாற்றலாமென்பது இதில் ஒரு நன்மை.

அவர்களுக்குப் பின் வந்தவர் ழாக் வோகன்சோன். இவரும் என்னைப் போல ஓர் இன்ஸ்பெக்டரே! பிரெஞ்சு அரசாங்கம் 1741-ல் இவரைப் பட்டுத் தொழிலுக்கு மேற்பார்வையாளராக நியமித்தது. தொழிலைச் சீர்திருத்துவதற்கென்று இவர் சம்பந்தப்பட்டு வகுத்த விதிகள் வியாபாரிகளுக்கே அனுகூலமாயிருந்தன என்று 1744-ல் லியோன் நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். இவர் ஊரை விட்டு ஓட நேர்ந்தது. இன்ஸ்பெக்டர்கள் மறவாமல் நினைவில் வைக்க வேண்டிய பாடம் இது. மறு வருஷம் அவர் இழுப்பாள் வேண்டாத ஒரு தறியை அமைத்தார். அது வழக்கத்திற்கு வராமல் கிடந்தது. பல்லாண்டு கழித்துப் பாரிஸ் காட்சிச் சாலையில் அதனைக் கண்டு ஆராய்ந்தவர், லியோன் நெசவாளர் ஒருவரின் மகனாகிய ஜோசப் மாரி ஜக்கார்டு. தமக்கு முன்னிருந்தவர்களின் அட்டையையும் அமைப்பையும் ஒன்றுசேர்த்து, 1804-ல் அவர் உண்டாக்கியதே நாம் இன்று பெட்டி என்றழைக்கும் கருவி.

அது வேலை செய்யும் விதத்தை அறிந்துகொள்வது பழுது பார்ப்பதற்கும் உதவும். பெட்டியினுள் கொக்கிகள் நெட்டாக நிற்கின்றன. ஊசிகள் குறுக்காகக் கிடக்கின்றன. ஒவ்வொரு கொக்கிக்கும் ஓர் ஊசி உண்டு. கொக்கியின் அடியிலிருந்து இறங்கும் கயிறு துளைப்பலகையின் வழியே சென்று பாவு இழையைத் தாங்கும் கண்ணியில் சேருகிறது. கண்ணிக்குக் கீழே கம்பி எடை தொங்குகிறது. நான்கு முகமுள்ள கட்டை ஒன்று, ஊடைக்கு ஓர் அட்டையாக, அட்டையை ஊசிகளின்மேல் அழுத்துகிறது. துளை உள்ள இடத்தில் ஊசி துளைக்குள் புகுந்து நகராமல் நிற்கும். அதன் கொக்கி நேராக நின்று, மேலெழும் கத்தியில் மாட்டிக்கொண்டு உடன் எழும். துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னே தள்ளப்படும். கொக்கி சாய்ந்து கத்தியை விட்டு விலகும். அதன் இழை கீழேயே நிற்கும். இவ்வளவே அதன் மர்மம். முன்பு பிள்ளையின் நினைவிலும் கையிலும் இருந்த பூ, இப்பொழுது அட்டையின் துளையில் இருக்கிறது.

பூக்கட்டம் சிறிதாயின் ஜக்கார்டும் வேண்டுவதில்லை. டாபி என்னும் கருவி, மரச்சட்டங்களில் முளை பொருத்திச் சங்கிலியாகத் தொடுத்து, பதினாறு இருபது விழுதுகள் வரை முறைப்படி தூக்கும். சிறு கட்டமும் வைரக்கண்ணும் நெய்பவர் இதனாலேயே திருப்தியடையலாம். ஜக்கார்டிலோ கொக்கி ஒவ்வொன்றும் தனித்து எழக்கூடியது. 120 கொக்கி, 240 கொக்கி என எண்ணிக்கைக்கேற்பப் பூவின் அகலமும் நுணுக்கமும் பெருகும்.

நன்மை இவ்வளவாயின், சிரமம் எங்கே போயிற்று? அது மறையவில்லை, பிள்ளையின் கையிலிருந்து நெய்பவரின் காலுக்கு இறங்கிற்று. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 240 கொக்கிப் பெட்டியில் சராசரி பாதி, அதாவது 120 கொக்கிகள், ஒரு தடவைக்கு எழுகின்றன என்று கொள்ளுங்கள். கொக்கி ஒன்றுக்கு நான்கு கயிறு. கயிறு ஒன்றுக்கு 15 கிராம் எடை. ஆகத் தூக்க வேண்டிய பாரம் 7,200 கிராம். அதாவது ஏழு கிலோவுக்குச் சற்று அதிகம். ஐந்தரை மீட்டர் சேலையில் அங்குலத்திற்கு 60 ஊடை வீதம் ஏறக்குறைய 13,000 ஊடைகள். ஊடைதோறும் பெட்டி எழும் தறியில், ஒரு சேலை முடிவதற்குள் நெய்பவரின் கால் தூக்கும் மொத்தப் பாரம் 93 டன்னுக்கு மேலாகிறது! கயிற்றின் உராய்வையும் கத்திச் சட்டத்தின் எடையையும் இதில் சேர்க்கவில்லை. நாற்பது வயதில் முழங்காலும் இடுப்பும் ஏன் நோகின்றன என்பதற்கு இக்கணக்கே விடை.

ஆகவே பெட்டி வாங்குவோர் தேவைக்கு மிஞ்சிய கொக்கி எண்ணிக்கையை நாடலாகாது. 120 கொக்கியில் முடியும் கரைக்கு 240 வாங்குவது, காலுக்கு வீண் பாரத்தைக் கூலியின்றி ஏற்றுவதாகும். எடைக்கம்பியை இழை தாழ்ந்து திரும்பும் அளவிற்கு மாத்திரம் வைத்துக்கொள்ள வேண்டும். மிகக் குறைத்தால் கண்ணி திரும்பாமல் தொங்கி வாய் கெடும். நெம்புகோலின் மிதிப்பக்கத்தை நீட்டினால் பாரம் இலேசாகும்; ஆனால் கால் போகும் தூரம் கூடும்; குழியின் ஆழத்தைப் பார்த்து அளவு செய்ய வேண்டும். சிறு மின்மோட்டாரைக் கொண்டு பெட்டியைத் தூக்கும் ஏற்பாடும் இப்பொழுது உண்டு. முதியோர்க்கும் பெண்களுக்கும் இது பேருதவியாகும். எனினும், மோட்டார் வைத்த தறியின் துணி கைத்தறிச் சலுகைக்கு உரியதாகுமா என்பதைப் பொருத்துமுன்னரே கைத்தறி இலாகா அதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்டறிந்துகொள்வது உத்தமம்.

சகோதரர்களே! இதுவரை சொன்னது யந்திரத்தின் விஷயம். இனிச் சொல்லப்போவதே நான் இன்று பேச வந்த விஷயம்.

நான் பள்ளிக்குத் திரும்பியபின் என் மாமனுக்குத் துணையாள் இல்லை. அவர் கடன் வாங்கி ஒரு பெட்டி மாட்டினார். முதல் சேலையை அறுத்த அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். அட்டைகளை, அவருக்குப் பாவு கொடுத்துவந்த வியாபாரி கொடுத்திருந்தார். ஒரு வருஷம் கழித்து, நெருக்கமான ஒரு புதுக் கரைக்குக் கூலி போதவில்லை என்று மாமன் கேட்டார். வியாபாரி கோபிக்கவுமில்லை, வாதாடவுமில்லை. மறுநாள் ஆள் வந்து அட்டைக் கட்டுக்களை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனான். பெட்டி தறியின்மேல் அப்படியே நின்றது. மூன்று மாதத்தில் ஓட்டடை படிந்தது. கடனுக்கு வட்டி மாத்திரம் நிற்கவில்லை. பின்னர் அவர் பூ இல்லாத கரை நெய்து குறைந்த கூலியில் காலங் கழித்தார். விடுமுறையில் நான் போயிருந்தபோது அந்தப் பெட்டியைக் காட்டி, "பெட்டி என்னுதுதான் அப்பா, அட்டை அவருது" என்றார். கூட்டுறவு இலாகாவில் சேர்ந்தபின் எத்தனையோ சுற்றறிக்கைகளைப் படித்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியம் கற்பித்ததை அவை கற்பிக்கவில்லை.

ஜக்கார்டு பிறந்த லியோன் நகரிலும் இதுவே நடந்தது. அங்கே தறி நெசவாளருடையது. பட்டும் பூவடிவமும் வியாபாரியுடையவை. புதுத் தறி பரவியது. வேலையின் திறமும் வேகமும் வளர்ந்தன. ஆனால் கூலியை நிர்ணயிக்கும் அதிகாரம் நெசவாளரிடம் வரவில்லை. குறைந்தபட்சக் கூலி விகிதம் ஒன்று வேண்டுமென்று அவர்கள் கேட்டுப் பெற்றதை வியாபாரிகளில் பலர் ஏற்க மறுத்தமையால், 1831-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் அந்நகரத் தெருக்களில் இரத்தம் சிந்திற்று. உலகத்திலேயே சிறந்த தறியை வைத்திருந்தவர்கள் அவர்கள்! இங்கிலாந்தில் ராச்டேல் என்னுமூரில் 28 பேர் 1844-ல் சேர்ந்து ஒரு சிறு கடை திறந்தனர். அவர்களிலும் நெசவாளர் பலர். நம் கூட்டுறவு இயக்கம் தன் முன்னோராகப் போற்றுவது அவர்களையே. நம் மாகாணத்திலும் 1935-ல் கைத்தறி நெசவாளர்க்கென மாகாணக் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, இன்று கோ-ஆப்டெக்ஸ் என்ற பெயரில் வழங்கிவருகிறது. ஒருவர் கையில் இருந்தால் பறிபோகக்கூடிய பொருளைப் பலர் சேர்ந்து வைத்துக்கொள்வதே இவ்வியக்கத்தின் சாரம்.

காலம் மாறிவிட்டதென்று சிலர் சொல்லலாம். மெய்தான், 1983-ல் மிலான் கண்காட்சியில் மின்னணு ஜக்கார்டு வெளிவந்தது, அதற்கு அட்டையே கிடையாது. நம் கைத்தறிக்கான பூக்களையும் இப்பொழுது கணிப்பொறியில் வரைகிறார்கள். ஆனால் அட்டை காகிதமாயிருந்தாலென்ன, கணிப்பொறியினுள் இருந்தாலென்ன? அது எவர் பெட்டகத்தில் உள்ளதோ அவரே கூலியைப் பேசுவார்.

ஆகவே, பெட்டிக்காக மனுச் செய்யுமுன் சங்கம் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகளாக நான்கை இச்சபையின் முன் வைக்கிறேன்.

முதலாவது, தறிதோறும் சென்று, எந்தத் தறிக்குப் பெட்டி, எதற்கு டாபி, எதற்குக் கப்பியும் கயிறும் மாற்றினாலே போதும் என்று கணக்கெடுக்க வேண்டும். இரண்டு அனுபவசாலிகளான நெசவாளரும் ஒரு பெண் அங்கத்தினரும் அக்குழுவில் இருத்தல் நலம்.

இரண்டாவது, பூவடிவம் வரைந்த கட்டத்தாளும் அட்டையும் சங்கத்தின் சொத்தாக இருக்க வேண்டும். அங்குலத்திற்கு 60 ஊடையாயின், நான்கு அங்குல நீளமுள்ள ஒரு பூவிற்கு 240 அட்டை வேண்டும். மூலத்தாள் நம்மிடம் இருந்தால் எத்தனை தறிக்கு வேண்டுமானாலும் அட்டை அடித்துக்கொள்ளலாம். வரைவதற்கான செலவு ஒரு முறைதான். நாணயப் பேரேடு வைப்பது போலவே ஓர் அட்டைப் பேரேடும் வைத்து, யாரிடம் எந்தப் பூ உள்ளது என்று பதிய வேண்டும்.

மூன்றாவது, புதுப் பூ ஒன்று தறியேறுமுன் அதன் கூலி நிச்சயமாக வேண்டும். கொக்கி எத்தனை, அங்குலத்திற்கு ஊடை எத்தனை, நாள் எத்தனை பிடிக்கும் என்று ஒரு தறியில் நெய்து பார்த்து, அதை வைத்துக் கூலியைத் தீர்மானித்து எழுதிவைத்தபின்பே மற்றத் தறிகளுக்கு அட்டை கொடுக்கலாம்.

நான்காவது, பெட்டி வந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்பதைப் பஞ்சாயத்தார் விசாரிக்க வேண்டும். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டாய இலவசக் கல்வி உண்டென்று 2009-ம் வருஷத்துச் சட்டம் கூறுகிறது. அடை இழுத்த இடத்தில் அட்டை வந்து, பிள்ளை மாத்திரம் தார் சுற்ற உட்கார்ந்துவிட்டால் அபிவிருத்தி பாதியில் நின்றதாகவே பொருள்.

இந்நான்கையும் ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புவீர்களாயின், அதன்மேல் என் சிபாரிசை எழுதி மேலதிகாரிகளுக்கு அனுப்பக் காத்திருக்கிறேன். பெட்டி மாத்திரம் வேண்டும், ஏற்பாடு பிறகு பார்த்துக்கொள்வோம் என்றால், என் மாமன் வீட்டுப் பரணில் இன்னும் ஒன்று கிடக்கிறது; அதை விலையில்லாமலே வாங்கித் தருகிறேன்!